வெர்லா கண்ட ஒரே ஊசி

பத்தொன்பது ஆண்டுகளில் வெர்லா டைக்ஸ்ட்ரா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மிட்டாய்ப் பைகள் பதினோராயிரத்து நானூற்றுச் சொச்சம். அவற்றில் அகப்பட்ட ஊசி ஒன்றே ஒன்று. அதுவும் ஊசி அல்ல.

ஊசி அகப்பட்ட கதை அயோவா மாநிலத்து டெ மாய்ன் நகரின் வடபகுதியில் இன்றும் பலருக்குத் தெரியும். அது ஊசி அல்ல என்பதன் முழு விவரம் இரண்டே பேருக்குத்தான் தெரிந்திருந்தது. ஒருத்தி வெர்லா. மற்றவர் அவளுடைய மேலதிகாரி ஹார்லன் ப்ரூவிட். அவர் 2003-இல் இறந்துபோனார். அதற்குப் பிறகு வெர்லா மட்டும்.

அவள் பிறந்தது பன்றிப் பண்ணையில். மூடியிருக்கிற எதையும் திறந்து பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. ஏழு வயதில் அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பிரித்தாள், எட்டு வயதில் பொம்மையின் வயிற்றைக் கிழித்தாள். இருபத்தொரு வயதில், எதையும் கிழிக்காமலே உள்ளே பார்க்க ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு நகரத்துக்கு வந்துவிட்டாள். அறுபது படுக்கைகள் கொண்ட ஒரு சிறிய மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் சேர்ந்தவள் முப்பத்து நான்கு ஆண்டுகள் அங்கேயே இருந்தாள். கணவன் கெரிட் ரொட்டி வண்டி ஓட்டினான். பிள்ளைகள் இல்லை. அக்டோபர் முப்பதாம் தேதி மட்டும் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அவளிடம் வந்தார்கள்.

மற்ற ஊர்களில் பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு மிட்டாய் வாங்க வீடு வீடாகப் போவது முப்பத்தொன்றாம் தேதி. டெ மாய்னில் அது முப்பதாம் தேதி, மாலை ஆறிலிருந்து எட்டு வரை. பெயர் பிச்சைக்கார ராத்திரி. பெயர்தான் அப்படி, பிச்சை எடுக்க இங்கே விடமாட்டார்கள். வாசல் விளக்கு எரிகிற வீட்டுக்குப் போகலாம், மணி அடிக்கலாம். ஆனால் ஜோக் சொன்னால்தான் மிட்டாய். மூன்று வயதுக் குழந்தையானாலும் சரி, மீசை முளைத்த தடியனானாலும் சரி, ஜோக் சொல்லியாக வேண்டும். செப்டம்பரிலிருந்தே பிள்ளைகள் ஜோக் தயார் செய்வார்கள். அன்றுவரை வெளியே விடமாட்டார்கள்.

1982 இலையுதிர் காலத்தில் சிகாகோவில் யாரோ தலைவலி மாத்திரைப் புட்டிகளில் விஷம் கலந்து ஏழு பேர் செத்தார்கள். அந்த அக்டோபரில் நாட்டில் ஒரு தாயும் தன் பிள்ளையின் மிட்டாய்ப் பையை நம்பவில்லை. பைகளைக் கொண்டுவாருங்கள், இலவசமாக எக்ஸ்ரே எடுத்துத் தருகிறோம் என்று மருத்துவமனை அறிவித்தது. எழுபது பேர் வருவார்கள் என்று ப்ரூவிட் கணக்குப் போட்டார். நானூறு குடும்பங்கள் வந்தன. நடையில் பேய்களும் கடற்கொள்ளையர்களும் விண்வெளி வீரர்களும் வரிசையில் நின்றார்கள். அப்பாவின் தோளில் ஒரு டிராகுலா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

முதல் ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் செருகிவிட்டு வெர்லா குனிந்து பார்த்தாள்.

பையின் காகிதம் மறைந்துபோயிருந்தது. மிட்டாய்களைச் சுற்றிய தாள், அதில் அச்சடித்த பெயர், நிறம், எல்லாம் மறைந்துபோயிருந்தன. கறுப்பில் வேர்க்கடலைகள் மட்டும் இரண்டிரண்டாகச் சாம்பல் நிறத்தில் மிதந்தன. சாக்லெட் கட்டிகள் மேகம் மாதிரி மங்கித் தெரிந்தன. அங்கங்கே ஒரு கல்கண்டு மினுங்கியது. பண்ணை வீட்டின் பின்னால் மல்லாந்து படுத்துப் பார்த்த வானம் இப்படித்தான் இருக்கும். இத்தனையையும் போட்டவை யார் யாருடைய கைகளோ. யார் பெற்ற பிள்ளை என்று தெரியாமலே ஓர் ஊர் முழுக்கக் கதவைத் திறந்து, ஒரு ஜோக்கைக் கேட்டுச் சிரித்துவிட்டு, உள்ளே போட்டு அனுப்பியிருக்கிறது. ஊர் என்ன போட்டது என்று உள்ளே புகுந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான். கெட்டது ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டும் இல்லை.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். எக்ஸ்ரேயில் இரும்பு தெரியும், விஷம் தெரியாது. விஷத்துக்கு நிழல் கிடையாது. இதை ப்ரூவிட்டிடம் சொன்னாள்.

"அவங்களுக்கு நிம்மதியா தூக்கம் வரணும், வெர்லா. நாம குடுக்கிறது அதைத்தான்" என்றார் அவர்.

1984 அக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. மணி ஏழு நாற்பது. ஒன்பது பைகளை ஒரே தட்டில் அடுக்கி எடுத்த படத்தில், ஒரு சோளப்பொரி உருண்டையின் நடுவே பளீரென்று வெள்ளைக் கோடு. நேரான கோடு, இரண்டு அங்குலம்.

"ஊசி" என்றாள் வெர்லா. மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் கதவு திறந்திருந்தது. வாசலில் நின்ற பெண் திரும்பி அடுத்தவளிடம் சொன்னாள். அந்தச் சொல் நடை முழுக்க ஓடி முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வரிசையில் நின்றவர்கள் பைகளைக் குப்பைத்தொட்டியில் கொட்டினார்கள். ஒருவர் பொதுத் தொலைபேசிக்கு ஓடினார். அவர் தம்பி பத்திரிகையில் வேலை செய்தான்.

உருண்டை யாருடையது என்று கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. மெழுகுத்தாளில் பென்சிலால் பெயரும் முகவரியும் எழுதியிருந்தன: எல்மர் ஸ்கோக்லண்ட். வீட்டில் செய்த தின்பண்டத்தைப் பெற்றோர் நம்ப வேண்டுமே என்று, ஓய்வுபெற்ற அந்தத் தபால்காரர் ஒவ்வோர் உருண்டையிலும் எழுதிவைத்திருந்தார். வெர்லாவுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தவர். போலீஸ் கார் அவர் வாசலில் போய் நின்றபோது அவர் இன்னும் ஜோக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எட்டே காலுக்குத் தட்டைத் துடைக்க வெர்லா பைகளைத் தூக்கினாள். அடியில், அந்த உருண்டையின் பை இருந்த இடத்தில், விரித்த காகிதத்தின் மேல், ஒரு ஹேர்பின் கிடந்தது. கை தானாகத் தலைக்குப் போனது. காதுக்கு மேலே ஒரு கற்றை முடி அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. படம் எடுக்குமுன் ஒவ்வொரு நோயாளியிடமும், மோதிரத்தைக் கழற்றுங்கள், பின்னைக் கழற்றுங்கள் என்று ஒரு நாளைக்கு நாற்பது முறை சொல்கிறவள் அவள்.

வெர்லா விஷயத்தைச் சொன்னதும் ப்ரூவிட் பத்திரிகைக்குப் பேசினார். அதற்குள் அச்சாகிவிட்டிருந்த ஊசி முதல் பக்கத்தில் வந்தது. மறுப்பு மறுநாள் பதினான்காம் பக்கத்தில், டயர் விளம்பரத்துக்குக் கீழே நான்கு வரி: கண்டெடுத்த பொருள் ஆபத்தானதல்ல. யாருடைய பொருள் என்று போடவில்லை. அந்த நான்கு வரியைப் படித்த ஒருவரையும் வெர்லா இதுவரை சந்திக்கவில்லை.

ஸ்கோக்லண்ட் வீட்டு வாசல் விளக்கு அதற்குப் பிறகு ஒரு பிச்சைக்கார ராத்திரியிலும் எரியவில்லை. பதினோரு ஆண்டுகள் கழித்து அவர் இறந்தார். பிறகு குடிவந்தவர்களும் அந்த வீட்டில் அந்த நாளில் விளக்குப் போட்டதில்லை. காரணம் தெரியாமலே வழக்கமாகிவிட்டது. 2001-இல் மருத்துவமனை எக்ஸ்ரே எடுப்பதை நிறுத்தியது. அதற்குள் வேறொன்று தொடங்கிவிட்டது. தேவாலயத்தின் கார் நிறுத்தத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தி, டிக்கியைத் திறந்து, சிலந்தி வலையும் பூசணிக்காயும் வைத்து அலங்கரித்து, அங்கிருந்தே மிட்டாய் கொடுப்பார்கள். பிள்ளைகள் டிக்கி டிக்கியாகப் போவார்கள். வெர்லாவின் தெருவுக்கு 2010-இல் நாற்பது பிள்ளைகள் வந்தார்கள். 2021-இல் ஒருவரும் வரவில்லை.

ஸ்கோக்லண்ட் வீட்டில் இப்போது இருப்பது பிரென்னா டாலிவரும் அவள் மகள் ஜூனியும். பிரென்னாவுக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. ஜூனிக்கு ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை. 2022 அக்டோபரில் ஒரு புதன்கிழமை மாலை வெர்லா இலை வாரிக்கொண்டிருந்தபோது இருவரும் வந்து நின்றார்கள்.

"ஞாயித்துக்கிழமை ஜூனி உங்க வீட்டுக்கு வரமாட்டா, வெர்லா. முன்னாடியே சொல்லிடறேன். நிறைய வாங்கி வச்சிட்டு ஏமாந்துடாதீங்க."

"போன வருஷத்துது எல்லாத்தையும் நானே தின்னேன். டாக்டர்தான் ஏமாந்து போனார்" என்றாள் வெர்லா. "சர்ச்சுக்கா?"

"முப்பது கார் வருது. கேமரா இருக்கு. வர்றவங்க பேரெல்லாம் எழுதி வாங்கறாங்க."

"டிக்கிகிட்ட யாரும் ஜோக் கேக்கமாட்டாங்க" என்றாள் ஜூனி. இது பல நாள் வழக்கு என்று குரலிலேயே தெரிந்தது.

"யாருகிட்டயாவது சொல்லலாம்டி. அவங்களுக்கும் காது இருக்கு."

"வாசல்ல சொல்லணும். மணி அடிச்சிட்டுச் சொல்லணும். இல்லன்னா செல்லாது. மேடிசன் சொன்னா."

"மேடிசனுக்கு வயசு எட்டு. அவ சட்டம் படிச்சிருக்கா" என்றாள் பிரென்னா வெர்லாவிடம்.

"எங்கிட்ட இப்பவே சொல்லிடேன் கண்ணு. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள் வெர்லா.

ஜூனி உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஐந்து வாரமாக உள்ளே வைத்திருக்கிறாள். "ஞாயித்துக்கிழமைதான்" என்றாள்.

பிரென்னா குரலைத் தாழ்த்தினாள். "நீங்க என்னைப் பயந்தாங்கொள்ளின்னு நெனைப்பீங்க. எது எரியும், எது இடியும்னு எட்டு மணி நேரம் யோசிக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்ததும் ஸ்விட்ச்சை அணைக்க முடியல. இந்த வருஷம் பாருங்க, மிட்டாய் மாதிரியே கலர் கலரா போதை மாத்திரைன்னு நியூஸ்ல தினம் காட்டறான். எங்கம்மாவும் சொல்வாங்க, எண்பத்தி நாலுல நம்ம வடக்குப் பக்கத்துலயே ஊசி கெடைச்சுதுன்னு. அன்னிலேந்து எங்க யாரையும் வெளிய விடல. அது நீங்க வேலை பாத்த ஆஸ்பத்திரிதானே?"

"ஆமா."

"அப்ப நெஜந்தான்."

தலையை ஆட்டினால் போதும். பிரென்னாவும் ஆட்டிவிட்டுப் போய்விடுவாள், யாருக்கும் மனக்கசப்பு இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஜூனி டிக்கிக்குப் போவாள். வெர்லா வாருகோலை மரத்தில் சாய்த்து வைத்தாள்.

"இருங்க. ஒண்ணு எடுத்துட்டு வரேன்."

உள்ளே போய், முப்பத்தெட்டு ஆண்டுகளாக அலமாரியில் கிடந்த ஒரு பழுப்பு உறையோடு வந்தாள். ஃபிலிமை உருவி மேற்கு வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். மாலை வெளிச்சம் அதற்குள் புகுந்தது. ஜூனியின் வாய் திறந்துகொண்டது.

"இது எந்த வானம்?"

"மிட்டாய். ஒன்பது பசங்களோட பை. இதோ கடலை. இது சாக்லெட்."

"நட்சத்திரம் மாதிரியே இருக்கு." அவள் எட்டி விரல் வைத்தாள். "இந்தக் கோடு?"

"அது என் ஹேர்பின்" என்றாள் வெர்லா.

பிரென்னாவைப் பார்த்தபடியே மிச்சத்தையும் சொன்னாள். திறந்திருந்த கதவு, ஓடிய சொல், மெழுகுத்தாளில் பென்சில் எழுத்து, போலீஸ் கார். சொல்லி முடிக்க நான்கு நிமிடம் ஆகியிருக்காது.

"அவர் எங்க வீட்டுலதான் இருந்தார்" என்றாள் பிரென்னா.

"ஆமா."

"நீங்க போய்ச் சொல்லல?"

"முதல் வாரம் வெக்கமா இருந்துச்சு. அடுத்த வருஷம், இத்தனை நாள் கழிச்சு எப்படிச் சொல்றதுன்னு இருந்துச்சு. அப்புறம் அவர் போயிட்டார். நான் பாத்த பதினோராயிரம் பைல ஒண்ணுல கூட ஒண்ணும் இல்ல, பிரென்னா. அதை உங்கம்மாவுக்கு யாரும் சொல்லல. நான்தான் சொல்லியிருக்கணும்."

பிரென்னாவின் குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

"எனக்கு இது இன்னும் மோசமா இருக்கு. ஊசின்னா எவனோ கிறுக்கன்னு விட்டுடலாம். பக்கத்துல இருக்கிற நல்ல மனுஷியே முப்பத்தெட்டு வருஷம் வாயைத் தொறக்கலன்னா, தெரியாத வீட்டை நான் எதை வச்சு நம்பறது?"

பிரென்னா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தன் வாசல் வரை போனவள் நின்று திரும்பினாள்.

"அந்த ராத்திரியில வேற எதுவுமே வரலையா உங்ககிட்ட?"

"வந்துச்சு. வருஷா வருஷம் வந்துச்சு. முகமூடில கண்ணு தெரியாம படில விழுந்த பசங்க. நீளப் பாவாடை தடுக்கி மணிக்கட்டு ஒடஞ்சது. கறுப்பு டிரஸ் போட்டுக்கிட்டு ரோடு தாண்டி கார்ல அடிபட்டது ரெண்டு. மிட்டாயால வந்தது ஒண்ணு கூட இல்ல."

பிரென்னா மகளோடு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

சனிக்கிழமை அந்த வீட்டின் முன்னால் நாலடி உயர அட்டைக் குழாய் ஒன்றை வெர்லா பார்த்தாள். பிரென்னா மண்டியிட்டு அதில் வெள்ளையும் சிவப்புமாகப் பட்டை தீட்டிக்கொண்டிருந்தாள். வாரம் முழுக்கக் கதவில் தொங்கிய கறுப்புச் சூனியக்காரி உடை குப்பைத்தொட்டியில் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு வெர்லா வாசல் விளக்கைப் போட்டாள். தெருவில் வேறு விளக்கு இல்லை. கதவருகே நாற்காலி, மடியில் மிட்டாய்க் கிண்ணம். கார்கள் தேவாலயத்துப் பக்கம் போயின. பின்கண்ணாடிகளில் பேய்கள் தெரிந்தன. ஆறரை. ஏழு. அணைத்துவிடலாம் என்று ஒரு தடவை எழுந்தாள். எட்டுக்கு முன்னால் விளக்கை அணைப்பதில்லை என்று மறுபடி உட்கார்ந்தாள்.

ஏழு பதினைந்துக்கு பிரென்னாவின் கார் திரும்பி வந்தது. ஜூனியின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"நான் ஆரம்பிச்சேன். அந்த மாமா, நகரு நகரு, பின்னால ஆளு நிக்குதுங்கறார். முப்பது டிக்கி. ஒருத்தர் கூட கேக்கல. இதெல்லாம் சும்மா குடுத்தது. எனக்கு வேணாம்."

மிட்டாய் வாளி ஒன்று படியில் இடித்து நின்ற ஓசை. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. வெர்லா சன்னலுக்கு வந்தாள்.

ஸ்கோக்லண்ட் வீட்டு வாசல் விளக்கு எரிந்தது.

அதன் அடியிலிருந்து இன்னொரு வெளிச்சம் புறப்பட்டது. நடைபாதையில், தரையிலிருந்து நாலடி உயரத்தில், மெல்ல அசைந்து வந்தது. கலங்கரை விளக்கம். தலையில் டார்ச், நடுவில் ஜூனியின் முகம், கீழே இரண்டு வெள்ளை ஷூ. கடல் என்பதே இல்லாத அயோவாவில் ஒரு கலங்கரை விளக்கம் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தது. ஒரு வீடு தாண்டியது. இன்னொரு வீடு. டார்ச் வெளிச்சம் இருண்ட சன்னல்களைத் தடவித் தடவி வந்தது. பதினோராயிரம் பைகளின் உள்ளே பார்த்தவள், மிட்டாய்க்காக ஒரு பிள்ளை வாசலைத் தேடி வருவதை இப்படி நின்று பார்த்ததே இல்லை. அந்த நேரத்தில் அவள் எப்போதும் மருத்துவமனையில் இருப்பாள், அல்லது கதவுக்குப் பின்னால். இத்தனை சின்னது இத்தனை இருட்டைத் தாண்டி வருகிறதே என்று அவள் சன்னல் கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டாள்.

வெர்லாவின் வாசலுக்கு மூன்று படிகள். அட்டைக் குழாய் முழங்காலை மடக்க விடவில்லை. முதல் படியில் ஜூனி பக்கவாட்டில் குதித்தாள். கலங்கரை விளக்கம் ஆடியது. மூன்று வீடு தள்ளி பிரென்னா படியிறங்கி ஓடிவந்தாள்.

வெர்லா கதவைத் திறந்தாள். "அங்கயே நில்லு கண்ணு, நான் எறங்கி வரேன்."

"மூடுங்க. இன்னும் மணி அடிக்கல."

வெர்லா கதவை மூடினாள். சன்னல் வழியே பார்த்தாள். பிரென்னா பாதி வழியில் நின்றுவிட்டிருந்தாள், இரண்டு கைகளையும் கக்கத்தில் இறுக்கி வைத்துக்கொண்டு. இரண்டாவது குதி. மூன்றாவது. மணி அடித்தது.

"யாரு?" என்றாள் வெர்லா, கதவைத் திறந்து.

ஜூனி மூச்சு வாங்கினாள். "எலும்புக்கூட்டுக்கிட்ட ஏன் ரகசியம் சொல்லக்கூடாது?"

"தெரியலையே. ஏன்?"

"அதுக்கு வயித்துல எதுவும் தங்காது."

வெர்லா சிரிக்கச் சற்று நேரம் பிடித்தது. பிறகு சிரிப்பை நிறுத்த நேரம் பிடித்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் நிறைய எலும்புக்கூடு பாத்திருக்கேன். நீ சொல்றது சரிதான்" என்றாள். "நீயே யோசிச்சதா?"

"நானேதான். மேடிசனுக்குக் கூடத் தெரியாது."

முழு அளவு சாக்லெட் ஒன்றை வெர்லா நீட்டினாள். ஜூனி அதை டார்ச்சுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "உள்ள தெரியல" என்றாள். பிறகு, "பரவாயில்ல" என்று உள்ளே சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் தேவாலயத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு வேன் மெதுவாகி நின்றது. ஓட்டி வந்தவர் கண்ணாடியை இறக்கினார். "ரெண்டு விளக்கு எரியுதே, நெஜமாவா?" என்று கேட்டார். கதவு திறந்து ஒரு தேனீயும் இரண்டு டைனோசர்களும் குதித்தன. பிரென்னாவின் வீட்டில் மிட்டாய் ஏது? அவள் திரும்பி ஓடி, மகளின் தேவாலய வாளியை எடுத்துக்கொண்டு தன் வாசலில் நின்றாள்.

"சும்மா குடுக்கக்கூடாதும்மா" என்று வெர்லாவின் வாசலிலிருந்தே ஜூனி கத்தினாள்.

"தெரியும்டி" என்றாள் பிரென்னா. தேனீயைப் பார்த்தாள். "சொல்லு. உன் ஜோக் என்ன?"

எட்டு மணிக்குள் ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். வாளி காலியானது.

மறுநாள் வெர்லா, டுலூத் நகரத்தில் இருக்கும் ஸ்கோக்லண்டின் மகளுக்கு மூன்று பக்கம் எழுதி, ஃபிலிமையும் உறையில் வைத்து அனுப்பினாள். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த ஆண்டுப் பிச்சைக்கார ராத்திரி திங்கட்கிழமை வருகிறது. பிரென்னா அன்றைக்கு அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள்.